சூட்டுக் கட்டி என்று விட்டுவிடாதீங்க

(கீழ்புத்துப்பட்டில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கட்டி. தலையில் வருகிற கொப்புளம், கழுத்தில் வருகிற கட்டி, அக்குளில் வருகிறது, உட்கார முடியாத இடத்தில் வருகிறது, எல்லாம்தான். சிலர் சிரிக்கிறீங்க. கட்டியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று நாங்களும் முதலில் நினைத்தோம். ஆனால் போன வருஷக் கணக்கை முடிக்கும்போது உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். மருத்துவச் செலவு என்று எழுதி வாங்கிய கடன்களில் பிரசவத்தையும் ஆபரேஷனையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடுத்து நின்றது "கட்டி", "கால் வீக்கம்", "புண்" இவைதான். ஆரம்பத்தில் பத்து ரூபாய் சோப்பும் ஒரு நாள் அரசு மருத்துவமனைச் சீட்டும் போதுமாக இருந்த நோய்க்கு இருபதாயிரம் கடன். அதனால்தான் பேசுகிறோம்.

நாங்கள் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. உங்களைப் போலவே உப்பளத்துக்கும் முந்திரித் தோப்புக்கும் போகிறவர்கள். இங்கே சொல்வதெல்லாம் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. கொஞ்சம் விஷயம் நம் உறுப்பினர் ஒருவரின் மகளிடம் கேட்டது. அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு வருகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறோம். கட்டி சூட்டினால் வருவதில்லை. மாம்பழம் தின்றதால், கருவாடு தின்றதால் வருவதும் இல்லை. வெயிலில் வேர்வை தங்கி, தோல் ஊறி, உரசிப் போகிறபோது கிருமிக்கு வழி திறக்கிறது, அது உண்மை. ஆனால் சீழ் வைப்பது கிருமி. பெரும்பாலும் ஒரே கிருமி. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயர். வாயில் நுழையவில்லை என்றால் ஸ்டாஃப் என்று சொல்லுங்க, டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்கிற அறுவை டாக்டர் 1880-ஆம் வருஷ வாக்கில் கட்டியிலிருந்து எடுத்த சீழைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாக உருண்டைகள் தெரிந்தன. கிரேக்க மொழியில் திராட்சைக் குலைக்கு உள்ள சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். இதில் நம்மை அதிகம் படுத்துகிற வகை வளர்க்கும்போது பொன் நிறத்தில் தெரியும். அதனால் அதற்கு ஆரியஸ், அதாவது பொன் நிறம் என்று பட்டப்பெயர்.

இந்தக் கிருமி எங்கே இருக்கிறது? வெளியில் எங்கேயோ இல்லீங்க. நம்மில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். மூக்கை நோண்டிய விரலால் தலையைச் சொறிந்தால் அங்கே போய்விடும். தோலில் கீறல் இருந்தால் உள்ளே இறங்கும்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா கேட்டார்: "நாம நாளெல்லாம் உப்புத் தண்ணியில நிக்கிறோம். உப்புல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? மீனையே உப்புப் போட்டுத்தானே கெடாம வைக்கிறோம்?" நல்ல கேள்விதான். நாங்களும் அதையே நினைத்திருந்தோம். டாக்டர் சொன்ன பதில் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. மற்றக் கிருமிகள் பலவும் உப்பில் சாகும், ஆனால் இந்தக் கிருமிக்கு உப்பு பொருட்டே இல்லையாம். பரிசோதனைக் கூடத்தில் பல கிருமிகள் கலந்து கிடக்கிறதிலிருந்து இதை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும் என்றால், லிட்டருக்கு 75 கிராம் உப்புப் போட்ட ஊட்டத்தில்தான் வளர்க்கிறார்களாம். மற்றவை அடங்கிவிடும், இது மட்டும் வளரும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்பு. அப்படியென்றால் கடல் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு கரிப்பிலும் இது பிழைக்கிறது. பாத்தியில் உப்பு பூக்கிற அளவுக்குத் தண்ணீர் முற்றிப்போனால் இதுவும் பெருக முடியாதுதான். ஆனால் கிருமி பாத்தியில் இல்லையே, நம் மூக்கிலும் தோலிலும் அல்லவா இருக்கிறது. உப்பு செய்கிற வேலை வேறு. பாதத்தையும் விரல் இடுக்கையும் வெடிக்க வைக்கிறது, காலைக் கீறுகிறது. கிருமிக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

தலைக்கு வருவோம். நாம் கூடை சுமக்கிறோம். தலையில் சும்மாடு வைக்கிறோம். அந்தத் துணி காலையிலிருந்து வேர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறுகிறது. சாயங்காலம் அதையே சுருட்டிக் கூடைக்குள் போட்டுவிட்டு, மறுநாள் அப்படியே எடுத்துத் தலையில் வைக்கிறோம். பக்கத்தில் இருக்கிறவர் கேட்டால் கொடுக்கவும் செய்கிறோம். சும்மாடு அழுத்துகிற இடத்திலும் பிடரியிலும் கடுகு அளவில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி நிற்கும், முனையில் மஞ்சளாகச் சீழ் தெரியும். அரிக்கும், சீப்பு பட்டால் எரியும். இது முடிக்கால் கொப்புளம். முடியின் வேர்ப் பையில் கிருமி இறங்கியிருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை. தினமும் சோப்புப் போட்டுத் தலையை அலசி நன்றாக உலர்த்த வேண்டும். கொப்புளம் ஆறுகிறவரைக்கும் எண்ணெயைத் தலை நிறைய அப்ப வேண்டாம். சும்மாட்டுத் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். இரண்டு துணி வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒரு வாரத்தில் குறையவில்லை, பரவுகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் ஊர் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ குழந்தைக்கு மொட்டை போட, காது குத்த வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அங்கேதான் செய்கிறோம். ஐயனாருக்கு முடி கொடுப்பதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கத்தியைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் போட்ட பிளேடை அடுத்த பிள்ளைக்குப் போட விடாதீங்க. புதுப் பிளேடு கையோடு வாங்கிப் போனால் இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ. மொட்டை போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தலையில் பரபரவென்று கொப்புளம் கிளம்பினால் சந்தனத்தைப் பூசி மூடிவிடாமல் செவிலியரிடம் காட்டுங்கள். சந்தனம் குளிர்ச்சிதான், ஆனால் அடியில் சீழ் வைத்தால் வெளியில் தெரியாமல் போய்விடும்.

பிள்ளைகளுக்கு வருகிற இன்னொன்று சிரங்கு. வாய் ஓரம், மூக்கு ஓரம், பிடரி, முழங்கால் இங்கெல்லாம் வரும். முதலில் சின்ன நீர்க் கொப்புளம், அது உடைந்து தேன் காய்ந்து ஒட்டின மாதிரி மஞ்சள் பொருக்கு. இந்தத் தேன் நிறப் பொருக்கைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். தலையில் வந்தால் அநேகமாகக் காரணம் பேன். பேன் கடிக்கும், பிள்ளை சொறியும், நகம் பட்ட இடத்தில் கிருமி ஏறும். கழுத்தின் பின்பக்கம் நெறி கட்டிக்கொள்ளும். அம்மா நெறிக்கு வைத்தியம் பார்ப்பாள், சிரங்குக்கு மருந்து போடுவாள், பேனை விட்டுவிடுவாள். பேன் போகாமல் சிரங்கு போகாது. அதே மாதிரிதான் சொறியும். வீட்டில் எல்லாருக்கும் ராத்திரியில் அரிப்பு என்றால் அது சொறிப் பூச்சி. அதற்கு வீடு மொத்தமும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். மேலே வந்த சீழுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் மறுபடியும் வரும். சிரங்கில் இன்னொரு கிருமியும் கூட்டுச் சேரும். அது சிலருக்குச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிரங்கு வந்து சில வாரத்துக்குள் பிள்ளையின் முகம் காலையில் உப்பினாலோ, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தலையில் வருவதெல்லாம் இந்தக் கிருமியும் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் தலையில் ஓரிடம் சேறு மாதிரி கொழகொழவென்று வீங்கி, முடியைத் தொட்டாலே கையோடு வருகிறதா? அது படையின் முற்றின நிலையாக இருக்கலாம், காளான் கிருமி. பார்வைக்குச் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும். அதைக் கீறிவிடக் கூடாது, மாத்திரையில்தான் போகும். வலியே இல்லாமல் வட்டமாக முடி கொட்டி வழுவழுவென்று இருந்தால் அது புழுவெட்டு, அதில் கிருமியே கிடையாது. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கொப்புளம் வந்து நெருப்பாக எரிந்தால் அது அக்கி. அது வைரஸ். நாம் காவியில் அக்கி எழுதுகிறோம். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரிடமும் போங்க, அதற்கென்று மாத்திரை இருக்கிறது, தாமதித்தால் பலன் குறைவு. பெரியவர்களில் சிலருக்கு உச்சந்தலையில் கொப்புளம் வந்து வந்து, ஆறின இடத்தில் தழும்பு விழுந்து, பொம்மைக்கு முடி நட்ட மாதிரி ஒரே துளையில் ஐந்தாறு முடி கொத்தாக நிற்கும். அங்கே போன முடி திரும்ப வராது. அதைத் தோல் டாக்டர்தான் பார்க்க வேண்டும். நமக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தானே.

இனி பெரிய கட்டி. ஒரு முடிக்காலில் ஆழமாக இறங்கினால் சிவந்து, கெட்டியாகி, தொட முடியாத வலியோடு எழும்பி, பழுத்து உடையும். இதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒத்தடம். பொறுக்கிற சூட்டில் தண்ணீர், சுத்தமான துணி, பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நம் பாட்டிகள் அரிசி மாவுக் களி வைத்துக் கட்டியதும் இதே கணக்குத்தான், சூடுதான் மருந்து. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்புவது வேறு. சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும். ஊசியால் குத்துவது, பிதுக்குவது கூடவே கூடாது. மூக்கு, மேலுதடு பக்கம் வந்த கட்டியைப் பிதுக்கினால் கிருமி ரத்தக் குழாய் வழியே மூளைப் பக்கம் போகக்கூடும். கண்ணிமையில் வருகிற கண்கட்டியும் பெரும்பாலும் இந்தக் கிருமி செய்வதுதான், அதற்கும் ஒத்தடம்தான், பிதுக்கக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு மார்பில் பால் கட்டி, காய்ச்சல் வந்து, ஓரிடம் சிவந்து கெட்டியானால் அதிலும் இந்தக் கிருமி இருக்கும். பாலை நிறுத்திவிடுவதுதான் நாம் செய்கிற முதல் தப்பு. பால் தேங்கத் தேங்க மோசமாகும். கொடுக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்க, பெரும்பாலும் கொடுக்கத்தான் சொல்வார்.

ஒரே இடத்தில் நாலைந்து முடிக்கால் சேர்ந்து பழுத்து, சல்லடை மாதிரி பல வாயில் சீழ் வந்தால் அதுதான் பிளவை. ராஜபிளவை என்று பெரியவர்கள் சொல்வது. பிடரியிலும் முதுகிலும் வரும். பிளவை வந்தவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. பெயர் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவருக்குப் பிடரியில், சும்மாடு உரசுகிற இடத்துக்குக் கீழே வந்தது. சூட்டுக் கட்டி என்று நாலு நாள் சுண்ணாம்பு. பிறகு மெடிக்கல் கடையில் மாத்திரை, மூன்று வேளை சாப்பிட்டதும் வலி குறைந்தது, நிறுத்திவிட்டார். எட்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, குளிர் ஜுரம். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை 300-க்கு மேல். தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அறுத்துச் சீழ் எடுத்தார்கள், ஒன்பது நாள் இருந்தார். குழுவில் இருபதாயிரம் கடன், அதற்கு மேல் நகை அடகு.

அவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று ஒரு காப்பீடு எடுத்து வைத்திருந்தார்கள். செலவைத் திரும்ப வாங்கக் காகிதங்களை அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "கழுத்துக் கட்டி, அகற்றப்பட்டது" என்று ஒரே வரிதான் இருந்ததாம். என்ன நோய், எந்தக் கிருமி, சர்க்கரை உண்டா இல்லையா, ஒன்றும் இல்லை. கட்டி என்றால் கொழுப்புக் கட்டியும் கட்டிதான், புற்றுநோய்க் கட்டியும் கட்டிதான். நோய் எண் போட வேண்டிய கட்டம் காலி. அதைத் திருத்தி வாங்க நாலு தடவை பஸ் ஏறினார்கள். நாலு நாள் கூலி போச்சு. பணம் வந்தது, ஆனால் நாலு மாதம் கழித்து, அடகு வட்டியும் ஏறின பிறகு. குழுக் கடனில் அவருக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

அதோடும் முடியவில்லை. ஆறு மாதத்தில் தொடையில் இன்னொரு கட்டி. இந்தத் தடவை அரசு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "போன தடவை சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா? எந்த மருந்துக்குக் கேட்டுச்சு?" பதில் சொல்லக் கையில் சீட்டு இல்லை. மறுபடி சீழ் எடுத்து அனுப்பி, முடிவு வர மூன்று நாள்.

இந்த நோய் எண் என்றால் என்ன என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றியது. நம் உறுப்பினர் மகள் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் எண் போடுகிற வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளை உட்கார வைத்துக் கேட்டோம். அவள் சொன்னது இது. உலகம் முழுக்க நோய்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. 1893-இல் பிரான்ஸ் நாட்டு ஜாக் பெர்த்தியோன் என்பவர் சாவுக் காரணங்களுக்குப் போட்ட பட்டியலிலிருந்து வளர்ந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் நடத்துகிறது. ஐசிடி என்று பெயர். பத்தாம் பதிப்பை 1990-இல் ஏற்றுக்கொண்டார்கள். பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் வந்துவிட்டது, அதில் எண்கள் வேறு. ஆனால் நம் பக்கத்து டிஸ்சார்ஜ் காகிதங்களில் பத்தாம் பதிப்பு எண்ணை இன்னும் பார்க்கலாம்.

பத்தாம் பதிப்பில் தோல் நோய்க்கு எல் என்கிற எழுத்து. சிரங்குக்கு எல் 01. கட்டி, பிளவை, சீழ்க்கட்டிக்கு எல் 02. அதற்கு அடுத்த புள்ளி உடம்பில் எந்த இடம் என்று சொல்லும். முகம் என்றால் எல் 02.0, கழுத்து எல் 02.1, கை கால் எல் 02.4, தலைத்தோல் எல் 02.8. தோலுக்கு அடியில் சிவந்து பரவுகிற வீக்கத்துக்கு எல் 03. முடிக்கால் கொப்புளம் எல் 73.9. அந்தப் பொம்மை முடி நோய்க்கு எல் 66.2. பச்சைக் குழந்தைகளுக்கு இந்தக் கிருமியின் விஷத்தால் தோல் வெந்நீர் கொட்டினது போல உரிகிற நோய் ஒன்று உண்டு, அதற்கு எல் 00. அந்த மாதிரி உரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். இடம் மாறினால் எழுத்தும் மாறும். கண்கட்டி கண் நோய்ப் பகுதியில் எச் 00. பிரசவத்தை ஒட்டி மார்பில் வருகிற சீழ்க்கட்டி பிரசவப் பகுதியில் ஓ 91. கிருமி ஒன்றுதான், ஆனால் வீடு வேறு.

இந்த எண்கள் நோயைச் சொல்கிறதே தவிரக் கிருமியைச் சொல்வதில்லை. கிருமிக்குத் தனியாகப் பி 95.6 என்று கூடவே எழுத வேண்டும். ஸ்டாஃப் ஆரியஸ்தான் காரணம் என்று அதற்கு அர்த்தம். அது தனியாக நிற்காது, முதல் எண்ணுக்குத் துணையாகத்தான் வரும். சர்க்கரை இருந்தால் அதற்கு ஈ 11. நம் சகோதரி காகிதத்தில் எல் 02.1, பி 95.6, ஈ 11 மூன்றும் இருந்திருக்க வேண்டும்.

"அப்போ நீயே சரியா போட்டுடலாமே" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "பெரியம்மா, டாக்டர் எழுதாததை நான் எழுத முடியாது. பிளவைன்னு எனக்கே தெரிஞ்சாலும், அவர் கட்டின்னு எழுதினா நான் கட்டிக்குத்தான் நம்பர் போடணும். கிருமி பேரு எழுதலைன்னா கிருமி இல்லை. சர்க்கரை எழுதலைன்னா சர்க்கரை இல்லை." அமெரிக்காவுக்கு மட்டும் இல்லீங்க, இங்கேயும் அதே நடைமுறைதான். மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கும், அவர்கள் டாக்டர் எழுத்தைப் பார்த்துத்தான் எண் போடுகிறார்கள்.

அதனால் நாம் எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயரைக் கேட்டால் போதும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்க: "சார், என்ன நோய்னு எழுதியிருக்கீங்களா? எந்த இடம்னு எழுதியிருக்கா? சீழ் பரிசோதனை முடிவு எங்கே? சர்க்கரை அளவு எழுதியிருக்கீங்களா?" இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று ஒதுங்கி நின்றுதான் நாம் நாலு தடவை பஸ் ஏறுகிறோம். சீழ் பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முடிவை வாங்க ஒரு நாள் மறுபடி போக வேண்டியிருந்தால் போய்விடுங்க, அந்த ஒரு நடைக்குப் பலன் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. காப்பீடு கிடைக்கும் என்று பெரிய நோயாக எழுதச் சொல்லிக் கேட்கக் கூடாது. அது மோசடி, நம் குழுவின் பெயரும் கெடும். அதே மாதிரி, சர்க்கரை என்று எழுதினால் காப்பீடு மறுப்பார்களோ என்று மறைக்கவும் கூடாது. ரத்தப் பரிசோதனைத் தாளில் எப்படியும் தெரிந்துவிடும். அதைவிட, அடுத்த டாக்டர் சர்க்கரை இல்லை என்று நினைத்து வைத்தியம் பார்த்தால் உயிருக்கு யார் பொறுப்பு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை நம்மில் பலரிடம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அதில் சிகிச்சைக்குத் தனியாக ஒரு எண் இருக்கும், அது வேறு, இந்த நோய் எண் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா, இந்தச் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று சேரும்போதே அங்கே இருக்கிற காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்க. வெளிநோயாளியாகப் பார்த்து மாத்திரை வாங்குவதற்கு அந்த அட்டை உதவாது. அதற்கு அரசு மருத்துவமனையே இருக்கிறது, செலவும் இல்லை.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கலில் இரண்டு நாள் மாத்திரை வாங்கி, வலி நின்றதும் நிறுத்துகிறோம். செத்தது பலவீனமான கிருமிதான், பிழைத்தது பெருகுகிறது. பென்சிலின் பிறந்ததே இந்தக் கிருமியால்தான். 1928-இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் வளர்த்து வைத்திருந்த ஸ்டாஃப் தட்டில் பூஞ்சணம் விழுந்து, அதைச் சுற்றி இருந்த கிருமி கரைந்துபோனதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இன்றைக்கு ஸ்டாஃப் கிருமியில் பெரும்பாலானதுக்குப் பழைய பென்சிலின் கேட்காது. மெத்திசிலின் என்று அதைவிட வலுவான மருந்து 1959-இல் வந்தது. இரண்டே வருஷத்தில், 1961-இல், அதையும் மீறுகிற கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். எம்ஆர்எஸ்ஏ என்று சீட்டில் எழுதியிருந்தால் அது இந்த வகைதான். அந்தச் சீட்டை மட்டும் தொலைக்கவே தொலைக்காதீங்க, அடுத்த டாக்டர் தப்பான மருந்தில் தொடங்காமல் இருக்க அது வேண்டும். மெடிக்கலில் எல்லாத் தோலுக்கும் ஒன்று என்று கொடுக்கிற கலப்புக் கிரீமும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், கிருமி அடியில் பரவும்.

எப்போது காத்திருக்கவே கூடாது? குளிர் ஜுரம் வந்தால். சிவப்பு பரவினால். சந்தேகம் இருந்தால் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்க, சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் கிளம்பிவிடுங்க. கண்ணைச் சுற்றி வீங்கினால். தோல் கறுத்தாலோ, பார்க்கச் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் போனாலோ. பச்சைக் குழந்தைக்கு வந்தால். சர்க்கரைக்காரருக்கும் யானைக்கால் வீக்கம் உள்ளவருக்கும் வந்தால். பேச்சு குழறினால், மயக்கமாக வந்தால் 108.

வீட்டில் துண்டு, சீப்பு, தலையணை உறை ஆளுக்கு ஒன்று. கட்டி இருக்கிறவர் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்க, நம் ஊர் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. சீழ்த் துணியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்க. நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்திலிருந்து நம் பாத்திகள் எவ்வளவு தூரம் என்று எங்களுக்கும் தெரியும். உப்பளத்திலேயே கால் கழுவத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறோம், வெளியே போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க.

இன்றைக்கு ஒவ்வொரு குழுவுக்கும் கணக்குப் புத்தகத்தோடு பிளாஸ்டிக் கவர்கள் தருகிறோம். ஆளுக்கு ஒன்று. ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் காகிதம், பரிசோதனை முடிவு எல்லாம் அதில். பிள்ளைகளிடம் சொல்லி செல்போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்க. மழைக்காலத்தில் ஓலைக் கூரையில் செருகி வைத்த காகிதம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிற நம் சகோதரி சர்க்கரை பார்க்கிற கருவியோடு பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் கட்டி வந்தவர்கள் முதலில் போங்க. பிடரித் தழும்புக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். டீ வந்துவிட்டது.